சன்னலில் தொங்கிய காறை எலும்பு

செவ்வாய்க்கிழமை காலையில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதல் வேலை, மாமியார் உடுத்திக்கொண்டு வெளியே வரும்வரை வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்பது. உடுத்துவது என்றால் சும்மா இல்லை. முதலில், முழங்காலில் காப்பு வைத்துத் தைத்த கால்சட்டை. பிறகு கணுக்காலை மூடும் பூட்ஸ். அதற்குப் பிறகு கறுப்பும் ஆரஞ்சும் கலந்த தோல் ஜாக்கெட். அதன் முதுகுக்குள் ஒரு கெட்டித் தகடு. அப்புறம் கையுறை. கடைசியாக, தாடையையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட். இத்தனையும் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாக உள்ளே போய்விடும். பார்த்தால் பந்தயத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும். போவதோ நாலு தெரு தள்ளியிருக்கும் பிசியோதெரபிக்கு, முழங்காலை மடக்கி நீட்ட.

வண்டி முப்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பின்னாலிருந்து மருமகனின் ஹெல்மெட்டில் மாமியாரின் ஹெல்மெட் ஒரு முட்டு முட்டும்.

அது மட்டுமா? வேலை பார்த்த காலமெல்லாம் அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்" என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லியிருக்கிறார். பணி ஓய்வு அவருக்குத்தான் கொடுத்தார்கள், நாக்குக்குக் கொடுக்கவில்லை. தெருவில் வேகத்தடை கண்ணில் பட்டால் போதும், பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

"மாப்பிள்ளை, மூச்சை இழுங்க... பிடிங்க..."

வண்டி ஏறி இறங்கும்.

"விடலாம்."

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு, வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்து ஆடிப்போனான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் மாமியார் வீட்டு ஹால் சன்னலில் தொங்கியது. ஓர் எக்ஸ்ரே படம். அவன் மனைவியின் இடது தோளைக் கழுத்தோடு சேர்க்கும் காறை எலும்பு, நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல்.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. அப்போது அவன் ஒரு மைனர். மேல் பொத்தான் இரண்டு திறந்த சட்டை, கறுப்புக் கண்ணாடி, செருப்பு. சட்டப்படி ஹெல்மெட்டும் இருந்தது, முழங்கையில். தலையில் போட்டால் முடி கலைந்துவிடுமாம். மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு, வண்டி கழுவும் கடை ஒன்றின் முன்னால் வளைவில் சாய்த்துத் திருப்பினான். சோப்புத் தண்ணீர். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவன் முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குத்தான் ஹெல்மெட் போட்டிருந்தானே. மனைவிக்குக் காறை எலும்பு போயிற்று. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு டியூட்டி யாருக்கு? மாமியாருக்குத்தான்.

எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது. மனைவி அதை மறந்தும் போனாள். படம்தான் கூடவில்லை. மாமியார் அதைக் கொண்டுவந்து கிழக்குப் பார்த்த சன்னலில் துணிக் கிளிப் இரண்டு போட்டுத் தொங்கவிட்டார். பக்கத்துச் சுவரில் கல்யாணப் போட்டோ. காலை வெயில் வந்தால் முதலில் எலும்புதான் பளிச்சென்று தெரியும், அப்புறம்தான் மணமக்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் இருப்பார்களா?

"இது யாருதுங்க?"

"எம் பொண்ணோடது. மாப்பிள்ளை பண்ணது."

ஏதோ அவன் வரைந்து கொடுத்த ஓவியம் மாதிரி சொல்வார். அவனும் மனைவியும் குடியிருப்பது மாடியில். படிக்கட்டு மாமியாரின் ஹால் வழியாகத்தான். போகும்போதும் வரும்போதும் அந்த விரிசலைக் கடந்துதான் அவன் போக வேண்டும். அவனுக்கு இந்த உலகத்தில் ஆசை என்று ஒன்று இருந்தால், அந்தப் படம் இறங்க வேண்டும் என்பதுதான். சம்பள உயர்வுகூட அதற்கு அப்புறம்தான். ஒருமுறை அழகாக ஒரு திரைச்சீலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாமியார் மனம் குளிர்ந்து வாங்கி, அதை மோட்டார் சைக்கிளுக்கு உறையாகத் தைத்துவிட்டார்.

மாமியாரின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் வம்பு முற்றியது. வாரா வாரம் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். காரில் ஏறினால் மாமியாருக்குக் குமட்டும். மகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிஃப்ட். மிச்சம் இருந்தது மாப்பிள்ளையும் அவன் வண்டியும்தான்.

"வரேன். ஆனா உடம்பை உங்ககிட்ட சும்மா தூக்கிக் குடுக்க மாட்டேன்" என்றார் மாமியார்.

ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் விற்கிற கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அம்மாளைப் பார்த்ததும் பூப்போட்ட இளஞ்சிவப்பு ஹெல்மெட் ஒன்றை எடுத்து நீட்டினார். மாமியார் அதை வாங்கித் தலையில் போட்டு, தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். தலை திரும்பியது, ஹெல்மெட் கடைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"லூசா இருக்கு. கன்னத்தைப் புடிச்சுக்கணும். நான் திரும்பினா இதுவும் திரும்பணும். வேற எடுங்க. பூ வேண்டாம், நான் என்ன தொட்டியா?"

ஆறு ஹெல்மெட் மாற்றி ஏழாவது பொருந்தியது. ஜாக்கெட்டில்தான் சனியன் ஆரம்பித்தது. விழுந்து தரையில் தேய்ந்துகொண்டு போகும்போது ஜாக்கெட் மேலே ஏறிக்கொண்டால் முதுகுத் தோல் உரிந்துவிடும், அதனால் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். அதுவும் ஆபரேஷன் ஆகாத காலில்.

"எப்படிம்மா இழுத்துப் பார்க்கறது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மாப்பிள்ளை, போட்டுக்கிட்டுப் படுங்க."

நடுக்கடையில், வழவழப்பான டைல்ஸ் தரையில் அவன் குப்புறப் படுத்தான். விற்பனையாளர்கள் இருவர் ஆளுக்கொரு கால் பிடித்து, பணம் கட்டும் மேசையிலிருந்து கண்ணாடிக் கதவுவரை அவனைத் தரதரவென்று இழுத்தார்கள். ஜாக்கெட் அக்குளுக்கு ஏறிவிட்டது. "வேண்டாம்" என்றார் மாமியார். இரண்டாவது ஜாக்கெட், இரண்டாவது இழுப்பு. அதற்குள் வெளியே கூட்டம். தள்ளுபடி என்று நினைத்து ஒருவர் வரிசையிலேயே நின்றுவிட்டார். கால்சட்டையோடு ஜிப் போட்டுப் பிணைக்கிற ஜாக்கெட் ஒன்று கடைசியில் இம்மியும் நகரவில்லை. மாமியார் குனிந்து, அவன் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்து, "ம்" என்றார். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அந்த "ம்"தான். அதுவும் ஜிப்பைப் பார்த்துச் சொன்னது.

அதே மாதிரியில் தனக்குக் கறுப்பும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பி நெடுநேரம் பார்த்தார்.

"பத்திரமா இருந்தா மட்டும் போதுமா? பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?" என்றார்.

"எனக்கும் அந்தக் கறுப்பே எடுத்துக்கறேன் அத்தை" என்றான் அவன்.

"உங்களுக்கு அது" என்று அவர் கை காட்டியது ஒரு கிளிப்பச்சையை. இருட்டிலும் கண்ணைக் குத்துகிற பச்சை. "நீங்க வர்றது தூரத்துலருந்தே தெரியணும். மத்தவங்க ஒதுங்கிக்கட்டும்."

போகிற வழியில் கல்லூரிப் பெண்கள் மாமியாரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, அந்த முன்னாள் மைனர் சாலை போடுகிற ஆள் மாதிரி ஓரமாக வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காலம் செய்த கோலம்!

பராமரிப்பும் மாமியார் சொல்படிதான். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, ஒட்டியிருக்கும் பூச்சியெல்லாம் தானாக இளகிய பிறகுதான் துடைக்க வேண்டும். உள்பஞ்சைக் கழற்றிக் குழந்தைக்குப் போடும் ஷாம்புவில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். தோலுக்கு மாதம் ஒருமுறை தைலம். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டக் கூடாது, சீட்டில் வைக்கக் கூடாது, எங்கே வைத்தாலும் தரையில்தான், தரையிலிருந்து எதுவும் கீழே விழாது. கீழே விழுந்த ஹெல்மெட் செத்த ஹெல்மெட் என்பது அவர் கட்சி.

அவன் ஒருநாள் மறந்துபோய்த் தன் ஹெல்மெட்டைச் செருப்பு அலமாரிமேல் வைத்தான். விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. மாமியார் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். முன்னாள் சிஷ்யை ஒருத்தி மறுக்க முடியாமல் அதைப் படுக்கையில் கிடத்தி, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று படம் எடுத்தாள். பழக்க தோஷத்தில் "மூச்சைப் பிடிங்க" என்று ஹெல்மெட்டிடம் சொன்னாளாம். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளி ஒருவர், "அடி ரொம்பப் பலமா?" என்று மாமியாரிடம் அனுதாபமாக விசாரித்திருக்கிறார். படத்தில் விரிசல் இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்து அதன் வாரை அறுத்துக் குப்பையில் போட்டார்.

"அதான் படத்துல ஒண்ணுமில்லையே அத்தை!"

"படத்துல தெரியாத விரிசலும் உண்டு மாப்பிள்ளை."

இதெல்லாம் தெருவுக்கு. வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. பல்பு மாற்ற அவன் ஸ்டூலில் ஏறினால் கீழே மாமியார் ஹெல்மெட்டோடு நிற்பார். கொதிக்கிற பாத்திரத்தை இறக்க அவன் கை நீட்டினால் இவர் கையுறையை மாட்டிக்கொள்வார். சுவரில் ஓர் ஆணி அடிக்கப் போனால் ஜிப் இழுக்கிற சத்தம் கேட்கும். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவன் சட்டி தூக்கிவர, மாமியார் முகக் கண்ணாடியை டக்கென்று இறக்கிவிட்டபோது, அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. யாரையாவது குறை சொல்லவும் வழியில்லை, அன்றைக்கு வண்டியைக் கவிழ்த்தது அவன்தானே.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, மென்று விழுங்கிக்கொண்டு கேட்டேவிட்டான்.

"அத்தை, நானும் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டறேன். பிரேக், டயரு, காத்து, எல்லாம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறேன். அந்தப் படத்தை எடுத்துடலாமே..."

மாமியார் சன்னலைப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. மூஞ்சி தெரியல, சால்வை மூடியிருந்துச்சு. நான் சீட்டைக்கூடப் பார்க்காம மெஷினைத் திருப்பி, மூச்சைப் பிடிங்கன்னேன். 'சரிம்மா'ன்னு பதில் வந்துச்சு. குரலைக் கேட்டேன் பாருங்க, நானும் பிடிச்சேன். அவ விட்டுட்டா. நான் இன்னும் விடல."

அவன் மாடிக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் தூக்கக் கலக்கத்தில் தோளைத் தடவிக்கொண்டு, "எங்கம்மா அப்படித்தான். விடுங்க" என்றாள். யாரைப் பார்த்தாலும் விடச் சொல்கிறார்களே தவிர, எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் வலிக்குப் புது மாத்திரை எழுதிக்கொடுத்தார் பிசியோதெரபி டாக்டர். அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழியில், வேகத்தடை ஒன்று வந்தது. பின்னால் சத்தமில்லை. இன்னொன்று வந்தது. அப்போதும் சத்தமில்லை. முதுகில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தான். மாமியார் தூங்குகிறார்! அவன் முதுகில் ஹெல்மெட்டைச் சாய்த்து, கைகளை அவன் இடுப்பில் கோத்துக்கொண்டு, சுகமாக.

வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் முன்னால் ஓரம் கட்டினான். ஸ்டாண்டைப் போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும், மாமியாரும் சாய்வார். எழுப்பினால் பதறிச் சரிவார். அதனால் இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு நின்றான். உச்சி வெயில். கிளிப்பச்சை ஜாக்கெட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார்.

"என்னய்யா, வண்டி ரிப்பேரா?"

"இல்ல சார். மாமியார் தூங்கறாங்க."

"என்னது?"

"மெதுவா பேசுங்க சார்."

அவர் சுற்றிவந்து மாமியாரின் முகக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே மூச்சு ஆவியாகப் படிவதும் கலைவதுமாக இருந்தது. அவருக்கும் வீட்டில் ஒரு மாமியார் இருந்திருக்க வேண்டும். நேராக நடுரோட்டுக்குப் போய் நின்று, வந்த லாரியை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டார். ஹாரன் அடித்த பஸ் டிரைவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். டிரைவர் பயணிகளிடம் சொல்ல, பஸ் முழுக்கக் கப்சிப்பென்று கடந்துபோனது. எதிர்க்கடைக்காரி ஒருத்தி குடை கொண்டுவந்து பிடித்தாள், அவனுக்கு அல்ல, மாமியாருக்கு.

கண் விழித்ததும் மாமியார் குடையையும் போலீஸையும் பார்த்தார். நிழல் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். மருமகனின் கால் நடுங்குவதையும் பார்த்தார்.

"ஏன் எழுப்பல?"

"விழுந்துடுவீங்களேன்னுதான் அத்தை."

வீடு வரும்வரை ஒரு வேகத்தடைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வழக்கம்போல வாசலில் வண்டியோடு நின்றான். கதவு சீக்கிரமே திறந்தது. மாமியார் வந்தார், வீட்டு உடையில், காலில் சாதாரணச் செருப்பு, தலையைப் படியச் சீவி. ஜாக்கெட் இல்லை. கையுறை இல்லை. ஹெல்மெட் இல்லை. எதிர்வீட்டு நாய் அடையாளம் தெரியாமல் குரைத்தது.

"போலாம் மாப்பிள்ளை."

"அத்தை... ஹெல்மெட்?"

"எதுக்கு? உங்க வண்டியில தூங்கினவ நான். இனிமே எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் தாடையைக் காட்டினார்.

சன்னலில் படம் இல்லை. வெறும் கண்ணாடி. வெயில் தடையில்லாமல் உள்ளே போய்க் கல்யாணப் போட்டோமேல் விழுந்திருந்தது. இத்தனை வருஷம் தவம் கிடந்தானே, அது கிடைத்துவிட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ்காரரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலக்கூட இருந்தது.

மாமியார் வந்து வண்டிமேல் கை வைத்தார். அவன் திரும்பி அந்தத் தலையைப் பார்த்தான். நரைத்த வகிடு. மெல்லிசான கழுத்து. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் காறை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பிறகு தெருவைப் பார்த்தான். அது நேற்றுவரை இருந்த தெரு இல்லை. அங்கே மணல் கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் யாரோ வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். மூலையில் ஒரு பந்து உருண்டது.

"ஹெல்மெட் போடுங்க அத்தை."

"வேண்டாங்கறேன்ல."

"போடாம வண்டி நகராது."

"ஏன், நானே உங்களை நம்பிட்டேன். உங்களுக்கென்ன?"

"நீங்க நம்பினதுதான் பயமா இருக்கு!" என்று கத்தியேவிட்டான். மாமியாரிடம் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டில் சன்னல் திறந்தது. அன்றைக்கு லீவில் இருந்த மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

அவன் வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனான். அலமாரிக்குப் பின்னால் பழுப்பு உறையில் படம் இருந்தது. எடுத்தான். துணிக் கிளிப்புகள் சன்னல் கம்பியிலேயே இருந்தன. ஒரு முனைக்கு ஒன்று, இன்னொரு முனைக்கு ஒன்று. தன் கையாலேயே தொங்கவிட்டு, கோணலாக இருந்ததைச் சரிசெய்தான். வெயிலில் விரிசல் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் தரையில் இருந்த ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் மற்ற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

"கையை நீட்டுங்க அத்தை."

மாமியார் சன்னலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"ஆமா."

அவர் கையை நீட்டினார். அவன் ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பை இழுத்து, குனிந்து பூட்ஸைப் போட்டுவிட்டான். ஹெல்மெட்டை இறக்கித் தாடைக்குக் கீழே வாரைக் கோத்தான். இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்த்தான், அவர் எப்போதும் பார்ப்பாரே, அப்படி.

"இறுக்குது மாப்பிள்ளை."

"இறுக்கட்டும்."

புறப்பட்டார்கள். முதல் வேகத்தடை வந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வண்டி ஏறி இறங்கியது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது தாண்டும்போது அவன் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் இழுத்த மூச்சை அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து அவன் ஹெல்மெட்டில் ஒரு முட்டு விழுந்தது. மெதுவாக.

"இப்ப விடலாம் மாப்பிள்ளை."

அவன் விட்டான். அவன் விட்டு முடித்த பிறகும் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பின்சீட்டிலிருந்து, வெகுநேரம்.